சீர்த்தட்டில் வந்த மூக்கு

பதினொன்றாவது தாம்பாளத்தில் ஒரு காகித உறை மட்டும்தான் இருந்தது.

அதற்கு முந்திய பத்தையும் பஷோரத் அக்கா அவிழ்த்து முடித்திருந்தாள். குளிர்காலத்துக்கு ரோமம் வைத்த பூட்ஸ், மூன்று துண்டு அத்லஸ் பட்டு, ஒரு மேல்கோட்டு, கைக்கடிகாரம், வாசனைப் புட்டிகள், கற்கண்டும் அல்வாவும் அடுக்கிய பெட்டி. ஒவ்வொன்றையும் தலைக்கு மேல் தூக்கி மூன்று பக்கமும் காட்டி, இன்னது என்று உரக்கச் சொல்லி, "கல்யாணங் காட்சியில போட்டு அனுபவிக்கட்டும்" என்று வாழ்த்திக் கீழே வைப்பாள். நமங்கான் ஊரில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் கல்யாணச் சீர் பிரிப்பது என்றால் பஷோரத் அக்காதான். இருபது வருஷமாக அதே வேலை. எந்தத் தட்டையும் அவள் காட்டாமல் விட்டதில்லை, எந்தச் சீட்டையும் படிக்காமல் விட்டதில்லை. விட்டால் அந்தப் பொருளில் ஏதோ குறை என்று ஊர் பேசும்.

ஆகவே உறையைப் பிரித்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள்.

"மணப்பொண்ணு மோஹிராவுக்கு. மூக்கு ஒண்ணு. உதடு ரெண்டு. மேல் இமை ரெண்டு. நெத்திக்கு ஊசி, வேண்டிய அளவு."

தேநீர்க் கிண்ணங்கள் வாய்க்குப் பாதி வழியில் நின்றன. பஷோரத் அக்காவே ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் தொழில் பழக்கம் விடுமா? கிளினிக் முத்திரை குத்திய அந்தச் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று பக்கமும் காட்டி, "கல்யாணங் காட்சியில போட்டு அனுபவிக்கட்டும்" என்றாள்.

மோஹிரா அடுப்படி வாசலில் தேநீர்க் கெண்டியோடு நின்றிருந்தாள். கூடத்தில் இருந்த நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். எண்பது கண்ணும் நேராக அவள் மூக்கில் வந்து உட்கார்ந்தன.

அந்த மூக்கைப் பற்றி அவள் அதுவரை நினைத்ததே இல்லை. நடுவில் ஒரு சின்ன மேடு இருக்கும், அவ்வளவுதான். வீட்டில் யாருமே பத்தாம் வகுப்பைத் தாண்டாத குடும்பத்திலிருந்து தலைநகர் தாஷ்கெண்ட் போய், ஐந்து வருஷம் விடுதியில் கிடந்து, நீர்ப்பாசனப் பொறியியல் படித்து, வாய்க்கால் இலாகாவில் வேலை வாங்கி, தினமும் மதகு மதகாகப் போய் தண்ணீர் மட்டம் அளந்து குறித்துக்கொண்டு வருகிறவளுக்கு மூக்கைப் பற்றி நினைக்க எங்கே நேரம்? இப்போது நினைக்க வைத்துவிட்டார்கள். அதுதான் முதலில் எரிந்தது.

மரியாதைக்குரிய விருந்தாளிகளுக்கான தலைமாட்டு இடத்தில், மெத்தை மேல், மாப்பிள்ளையின் அம்மா ஹோசியத் உட்கார்ந்திருந்தாள். அவமானப்படுத்த வந்த முகமாக இல்லை. பெருமையில் கன்னம் சிவந்துபோய், பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம். பாராட்டும் வந்தது. மூச்சை அடக்கி வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக விட ஆரம்பித்தார்கள். எங்க காலத்தில் ஒரு துணி சோப்புக்கு வழியில்லை என்றாள் ஒருத்தி. என் சம்பந்தி ஒரு குக்கரோடு முடித்துவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. மருமகள் முகத்துக்கே செலவு பண்ணுகிற மாமியாரை நமங்கான் இதுவரை பார்த்ததில்லை என்று தீர்ப்பானது. மோஹிராவின் அம்மா மத்லூபா சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள்.

மோஹிரா கெண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஹோசியத்தே காரில் வந்து அவளை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சும்மா திட்டம் போடத்தான், இன்றைக்கு ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று வழியெல்லாம் சமாதானம் சொன்னாள். டாக்டர் கமோல் வெள்ளைக்கோட்டுக்குள் மெல்லிசான மனிதர். முதலில் கேட்டது பெயரை அல்ல, கல்யாணத் தேதியை.

அக்டோபர் பதினெட்டு என்று ஹோசியத் சொன்னாள்.

அவர் ஒரு நீளக் காகிதத்தை எடுத்து வலது ஓரத்தில் அக்டோபர் பதினெட்டு என்று எழுதி வட்டம் போட்டார். பிறகு அங்கிருந்து பின்னால் வந்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னாலிருந்து முகத்தைத் தொடவே கூடாது. மூன்று வாரம் முன்னால் நெற்றி ஊசி, முதல் வாரம் புருவம் இறங்கினாலும் தேதிக்குள் ஏறிவிடும். ஆறு வாரம் முன்னால் உதடு. ஜூலையில் இமை. மூக்குதான் சண்டித்தனம் பண்ணும். வீக்கம் முழுசாக வடிய மாதக் கணக்காகும். ஆகவே மூக்கு மே மாதத்தைத் தாண்டக் கூடாது. காகிதத்தின் இடது ஓரத்தில் மே பன்னிரண்டு, திங்கள், காலை பதினொன்று என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மோஹிராவுக்கு ஒரு பக்கம் மரியாதைகூட வந்தது. வாய்க்கால் தூர் வார அவள் இலாகா போடும் திட்டம் இவ்வளவு ஒழுங்காக இருந்ததே இல்லை.

அப்புறம் அவர் கணினித் திரையில் அவள் முகத்தைக் கொண்டுவந்து, மூக்கின் மேட்டைச் சீவி, நுனியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். பார்த்ததும் எங்கேயோ தெரிந்த மூக்காக இருந்தது. எங்கே என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. நிச்சயத்துக்கு வந்திருந்த, மாப்பிள்ளை எல்யோரின் தங்கச்சிக்கு இதே மூக்கு. அந்த வீட்டு மூத்த மருமகளுக்கும் இதே மூக்கு. அன்றைக்கு இரண்டு பேரையும் அக்காள் தங்கை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவதும் இங்கதானா, டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் புரியாமல் பார்த்தார். ஹோசியத்துக்குப் புரிந்தது. "நல்லா வர்ற இடத்த விட்டுட்டு வேற எங்க போறது மகளே. ஒரே கையி, ஒரே அளவு" என்றாள், நல்ல தையல்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ஹோசியத்துக்கென்று இருந்த மூக்கு அசல்தான். நல்ல பெரிசு. கீழே போகப் போக அகலம்.

அன்று சாயங்காலம் மோஹிரா எல்யோருக்குச் செய்தி அனுப்பினாள். எல்யோர் கோழிப்பண்ணையில் கால்நடை வைத்தியன். அதிகம் பேசாத ஆள். நிச்சயத்துக்குப் பிறகு ஐஸ்கிரீம் கடையில் மூன்று முறை சந்தித்திருக்கிறார்கள். இரண்டாவது முறை காற்றில் அவன் தொப்பி பறந்து, முன்தலையில் முடி கொட்டிப்போய்ப் பளபளவென்று இருந்ததைப் பார்த்தாள். அவன் ஓடிப் போய்த் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி கோழிக் காய்ச்சலைப் பற்றிப் பேசினான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனதே அந்த நிமிஷத்தில்தான்.

என் மூக்கு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று அனுப்பினாள். அம்மாவிடம் பேசுகிறேன் என்று வந்தது. ஒரு வாரம் போனது. பேசினீர்களா என்று கேட்டாள். பேசுகிறேன் என்று மறுபடியும் வந்தது. அத்தோடு சரி.

வீட்டில் மத்லூபா மே பன்னிரண்டை நாள்காட்டியில் சிவப்பு மையால் சுற்றி வைத்துவிட்டாள். மோஹிரா மாட்டேன் என்றாள். நாற்பது பேர் முன்னால் படித்த சீரை வேண்டாம் என்று சொன்னால் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம் என்றாள் அம்மா. அப்பா துர்சுன் அலி டிராக்டரிலிருந்து இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் மூக்கைத் தடவிக்கொண்டார். அவர் முகத்திலும் நடுவில் அதே மேடு.

"படிச்சவ நீ. பாத்து எதாச்சும் பண்ணு" என்றார். அவர் வீட்டில் குழாய் ஒழுகினாலும் அதைத்தான் சொல்வார்.

பண்ணினாள்.

மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்து இரண்டு வாரத்தில் பெண் வீட்டுச் சீர் போக வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பூட்ஸ் வந்தால் பூட்ஸ் போகும். கோட்டு வந்தால் கோட்டு. கடிகாரத்துக்குக் கடிகாரம். வந்த தட்டு எதுவும் வெறுமையாகத் திரும்பக் கூடாது, குறைந்தும் திரும்பக் கூடாது. மத்லூபா பத்துத் தட்டை நிரப்பிவிட்டு, பதினொன்றாவதில் என்ன வைப்பது என்று தெரியாமல் பாதாம் பருப்பைக் கொட்டி வைத்திருந்தாள். மோஹிரா பாதாமை எடுத்துவிட்டு ஓர் உறையை வைத்துத் துணியால் முடிச்சுப் போட்டாள். கையில் இருந்த மூன்று மாதச் சம்பளமும் அந்த உறைக்குள் போயிருந்தது. அம்மாவிடம் புத்தகம் வாங்க ஒரு கடைச்சீட்டு என்றாள்.

சீர் கொண்டுபோகிற கூட்டத்தில் மணப்பெண் போகிற வழக்கம் இல்லை. மோஹிரா வீட்டில் உட்கார்ந்து வாய்க்கால் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒரே வரியை நான்கு தடவை அடித்தாள்.

மத்லூபா திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேயும் பஷோரத் அக்காதான் பிரித்தாளாம். பத்துத் தட்டும் நல்லபடியாகப் போனதாம். பதினொன்றாவது உறையைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டி, மணமகன் எல்யோருக்கு, முன்தலையில் முடி, மூவாயிரம் வேர், அதே டாக்டர் கமோலின் கிளினிக் என்று படித்தாளாம். தலைக்கு மேல் தூக்கி மூன்று பக்கமும் காட்டினாளாம். போட்டு அனுபவிக்கட்டும் என்றும் சொன்னாளாம். ஹோசியத் முகம் சுட்ட ரொட்டி மாதிரிச் சிவந்துவிட்டதாம். எல்யோர் அந்தப் பக்கம் தாழ்வாரத்தில்தான் நின்றானாம். கை தானாகத் தொப்பிக்குப் போனதாம்.

"நான் செத்தா எனக்கு ஒரு பிடி மண்ணு போடவும் வராத" என்று மத்லூபா மகளிடம் சொன்னாள். பிறகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

மோஹிரா காத்திருந்தாள். இனி அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் வருவார்கள், நிச்சயத்தன்று வாங்கிய ரொட்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள், நிச்சயம் முறிந்தது என்பார்கள். வரட்டும். மூக்கு மிஞ்சும். முதல் நாள் அப்படித்தான் தெம்பாக இருந்தாள். இரண்டாம் நாள் மதகில் நின்று அளவுகோலைப் பார்த்தபோது எண் கண்ணில் ஏறவில்லை. தாழ்வாரத்தில் தொப்பிக்குப் போன கைதான் தெரிந்தது. மூன்றாம் நாள் பெரிய மனிதர்களுக்குப் பதிலாக ஹோசியத்தின் தொலைபேசி வந்தது.

குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது, ஒரு மாதிரி வியப்பும் இருந்தது. எல்யோர் சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கிளினிக்குக் கிளம்பிவிட்டானாம். யாரிடமும் கேட்கவில்லையாம். இருபத்தொன்பது வருஷத்தில் அவன் யாரிடமும் கேட்காமல் செய்த முதல் காரியம் இதுதானாம். டாக்டரிடமும் ஒரு நாள் காலியாக இருந்ததாம். பத்து மணி நேரம் குப்புறப் படுத்து, பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னந்தலையில் நட்டு, வந்து வீட்டில் படுத்திருக்கிறானாம்.

"என் புள்ள தலையக் குடுத்துட்டான். திங்கக்கெழம பதினோரு மணி, மறந்துடாத மகளே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மோஹிராவுக்கு, அறையலாம் என்று ஓங்கிய கையை ஒருவன் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து தெரு முழுக்க அவளுக்கு எதிராகத் திரும்பியது, அதுவும் பாராட்டாகத் திரும்பியது. மாப்பிள்ளை மனசில் இருந்ததை வாய்விட்டுச் சொல்லும் முன்பே புரிந்துகொண்ட பெண் என்று பஷோரத் அக்கா போகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். வேறு இரண்டு கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு நடப்பதாகக் கேள்வி. ஒருவனுக்குக் காது, இன்னொருவனுக்கு வயிறு. மத்லூபா மறுபடி பேச ஆரம்பித்தாள், பேச்சு முழுக்க ஒரே விஷயம். அவன் குடுத்துட்டான், நீ வாங்கிட்டு சும்மா இருந்தா நம்ம வீடு குறைஞ்ச வீடு. கணக்குன்னு நீதானே ஆரம்பிச்ச, இப்ப கணக்க முடி. பூட்ஸுக்குப் பூட்ஸ் என்ற சட்டத்தை எடுத்து வீசியவள் அவள்தான். அது சுற்றிக்கொண்டு வந்து அவள் மூக்கிலேயே விழுந்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவள் தனியாகவே கிளினிக் போனாள். அம்மா கூட வருகிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். மாட்டேன் என்று டாக்டரிடம் சொல்வதா, மயக்க ஊசிக்குக் கையை நீட்டுவதா என்று வழியில் ஒரு முடிவுக்கும் வரவில்லை. பேருந்து கண்ணாடியில் மூக்கைப் பார்த்தாள். அது தன் பாட்டுக்கு இருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் ஹோசியத் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணியில் சுற்றிய, இறைச்சி வைத்துச் சுட்ட சம்சா, காலடியில் தேநீர்க் குடுவை. பக்கத்தில் யாரோ ஒரு ஆள். மொட்டைத்தலை, முன்பக்கம் முழுக்க நாற்று நட்ட வயல் மாதிரி சிவப்புப் புள்ளிகள். நெற்றி வீங்கி இமை மேல் இறங்கி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு. மோஹிரா ஹோசியத்துக்கு மட்டும் வணக்கம் சொன்னாள். அந்த ஆளும் எழுந்து நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொன்னபோதுதான் யாரென்று தெரிந்தது.

"தல கழுவிவிட வரச் சொன்னாங்க" என்றான் எல்யோர். வாய்கூடச் சரியாகத் திறக்கவில்லை. "வீக்கம் ரெண்டு நாள்ல எறங்கிடுமாம். நட்ட முடி ஒரு மாசத்துல கொட்டிடுமாம். அப்பறம்தான் நெசமா மொளைக்குமாம்."

அப்படியானால் கல்யாணத்தன்று என்று கணக்குப் போட்டாள் மோஹிரா. அக்டோபரில் பாதி முளைத்திருக்கும். இப்போது இருப்பதைவிடக் கேவலமாகக்கூட இருக்கலாம். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் போய்ப் படுத்திருக்கிறான்.

ஹோசியத் ஒரு சம்சாவை எடுத்து நீட்டினாள். பிறகு, மயக்கம் கொடுக்கப் போகிறவள் சாப்பிடக் கூடாது என்று நினைவு வந்து திரும்ப வைத்துக்கொண்டாள். அந்தச் சின்னக் காரியம் மோஹிராவை உடைத்தது. எத்தனை அக்கறையாக அறுக்கக் கொடுக்கிறார்கள்.

நின்றபடியே சொன்னாள். அந்தச் சீட்டை ஆசைப்பட்டு அனுப்பவில்லை. குத்திக்காட்டத்தான் அனுப்பினாள். என் மூக்கை நாற்பது பேர் முன்னால் படித்தீர்களே, உங்கள் பிள்ளை தலையையும் நாற்பது பேர் முன்னால் படிக்கட்டும் என்று. அவர் தலையில் ஒரு குறையும் அவளுக்குத் தெரிந்ததில்லை. பிடித்திருந்தது. இப்போது தன்னால் இப்படி வீங்கி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மேல் வந்த கோபத்துக்கு இவர் தலையை எடுத்து வீசினேன். "நீங்க பண்ணினதத்தான் அத்தை நானும் பண்ணியிருக்கேன். மன்னிச்சுக்கங்க. ஆனா மூக்கத் தரமாட்டேன். நிச்சயத்த முறிக்கணும்னா முறிச்சுக்கங்க."

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தொலைபேசியை எடுக்காமல் அடிக்க விட்டுவிட்டாள்.

ஹோசியத் பிள்ளையைப் பார்த்தாள். எல்யோர் சிரிக்கப் பார்த்தான், வலித்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டான்.

"பஷோரத் அக்கா படிக்கறப்பவே தெரியும், கோவத்துல குடுத்ததுன்னு" என்றான். "மத்தியானம் பூரா அழுதுட்டுதான் இருந்தேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். அஞ்சு வருஷமா எனக்கு இது வேணும். எங்க வீட்டுல பொம்பளைங்களுக்கெல்லாம் கேட்டுக் கேட்டுப் பண்ணுவாங்க. எனக்கு என்ன வேணும்னு யாரு கேட்டா? திட்டறதுக்காவது நீங்கதான் என் தலையப் பாத்தீங்க."

பிறகு அம்மா பக்கம் திரும்பினான். கழுத்தை வளைக்க முடியாமல் உடம்போடு திரும்பினான்.

"எனக்கு வேண்டியிருந்துது, போனேன். அவங்களுக்கு வேண்டாம். அத விட்டுடுங்கம்மா."

"இதச் சொல்ல உனக்கு தலைய அறுக்க வேண்டியிருந்துதா" என்றாள் ஹோசியத்.

"ஆமாம்மா."

ஹோசியத் கொஞ்ச நேரம் சம்சாத் துணியின் முடிச்சை இறுக்கினாள், அவிழ்த்தாள். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமல் பேசுகிறார்கள் என்றாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் புதுப்பெண்ணை முற்றத்தில் நிறுத்தி முகத்திரையைத் தூக்குவார்கள். அவள் ஒவ்வொருத்தருக்காகக் குனிந்து வணக்கம் சொல்வாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று முகத்தைப் பார்ப்பார்கள்.

"எனக்குத் திரையத் தூக்கினதும் என் மாமியாரோட தங்கச்சி, கத்தரிக்கா வந்திருக்குன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. முப்பத்துமூணு வருஷமாச்சு. இன்னிக்கும் அந்த வீட்டுல நான் கத்தரிக்காதான். என் புருஷனுக்குத் தொலைபேசி பண்ணினா கத்தரிக்கா என்ன சமைச்சுதுன்னுதான் கேப்பாங்க. எம் மருமகளுங்க ஒருத்திய யாரும் அப்பிடிச் சொல்லிடக் கூடாதுன்னு நெனச்சேன். தப்பா?"

மோஹிராவுக்கு அந்தக் கத்தரிக்காய்க்காரியைக் கண்ட இடத்தில் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கோபத்துக்கு இப்போது வேறு விலாசம் கிடைத்திருந்தது.

"தப்புதான் அத்தை" என்றாள். "சிரிச்சவங்க மூக்குல கைய வைக்காம எங்க மூக்குல வச்சீங்க. என்னை என்ன வேணா சொல்லட்டும். நான் திருப்பிச் சொல்லுவேன். உங்களச் சொன்னாலும் சேத்துச் சொல்லுவேன்."

"சொல்லுவ, சொல்லுவ" என்றாள் ஹோசியத். அது திட்டா மெச்சலா என்று தெரியவில்லை. "அது சரி, இன்னொண்ணு இருக்கே. ஊருக்கே படிச்சுக் காட்டின சீட்டு. திரையத் தூக்கறப்ப அதே மூக்கு இருந்தா என்ன பேசுவாங்க? செல்லாத சீட்டக் குடுத்து ஏமாத்திட்டா கத்தரிக்கான்னு பேசுவாங்க. பணத்த வாங்கிட்டுச் சும்மா முத்திரை குத்திக் குடுத்தாங்கன்னு டாக்டரையும் சேத்து இழுப்பாங்க."

படித்த இரண்டு பேரும் விழித்தார்கள். நமங்கானில் நியாயத்துக்கு வழி கண்டுபிடித்துவிடலாம், சீருக்கு வழி கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

உள்ளேயிருந்து செவிலி வந்து, பதினொரு மணி மூக்கு யாரு என்று கேட்டாள்.

செவிலி மூன்று முகத்தையும் பார்த்தாள். தொழில்முறையில் பார்த்தாள் போலிருக்கிறது. மோஹிராவை ஒரு நொடி, வீங்கிய எல்யோரை ஒரு நொடி பார்த்துவிட்டு, ஹோசியத்தின் முகத்தில் வந்து நின்று, "உள்ள வாங்கம்மா" என்றாள்.

"ஐயோ, நான் இல்ல" என்றாள் ஹோசியத். சொல்லிவிட்டு எழுந்திருக்கவும் செய்தாள். மடியிலிருந்த சம்சா மூட்டையை மோஹிராவின் கையில் திணித்தாள். "வயசானவளுக்கெல்லாம் பண்ணுவாங்களா, என்ன. சும்மா கேட்டுட்டு வரேன். சீட்டுல எங்கயும் மணப்பொண்ணுக்கு மட்டும்தான்னு போட்டிருக்காதே?"

போட்டிருந்தது. மணப்பெண் மோஹிராவுக்கு என்று பஷோரத் அக்கா ஊரறியப் படித்தது அதைத்தான்.

"மாத்தி எழுதித் தருவாங்க அத்தை" என்றாள் மோஹிரா. "டாக்டர் நல்ல மனுஷன்."

"யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்களே? மருமகளுக்கு வந்தத மாமியார் எடுத்துக்கிட்டான்னு?"

"நான் குடுத்தேன்னு சொல்லிடறேன். பஷோரத் அக்காவ விட்டுப் படிக்கச் சொல்லுவோம். போட்டு அனுபவிங்க."

ஹோசியத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவு வரை போனாள். அங்கிருந்து திரும்பி, எச்சரிக்கை போல விரலை ஆட்டி, ஆட்டியதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தினதும் அவள் குரல் கேட்டது. கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள். டாக்டர் ஏதோ சொன்னார், காகிதம் விரிக்கிற சத்தம் வந்தது. பின்னாலிருந்து எண்ணுங்க, பின்னாலிருந்து எண்ணுங்க என்று அவரை அவள் அவசரப்படுத்தினாள். அக்டோபர் பதினெட்டுக்குள் வீக்கம் வடிந்தாக வேண்டும், அன்றைக்குச் சில பேருக்கு முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது, முக்கியமாக ஒருத்திக்கு என்றாள்.

மோஹிரா பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் சம்சா மூட்டை இருந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். காலையிலிருந்து பட்டினி. எல்யோரிடம் ஒன்றை நீட்டினாள். மெல்ல முடியாது என்று கையால் காட்டினான்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"ஊசி போடறப்ப. அப்பறம் தெரியல. ஆனா அரிக்குது. தொடக் கூடாதாம், பத்து நாளைக்கு."

திறந்திருந்த ஜன்னல் வழியாக ஓர் ஈ வந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு எத்தனையோ இடம் இருக்க, அவன் முன்தலையில், புதிதாக நட்ட பாத்தியில் போய் உட்கார்ந்தது. எல்யோர் கையைத் தூக்கினான், நினைவு வந்து இறக்கினான். முகத்தைச் சுருக்கப் பார்த்தான், வீக்கத்தில் சுருங்கவில்லை. ஈ நடந்தது.

நிக்காஹ் ஆகாத பெண் பொது இடத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கும் நமங்கானில் ஒரு நீளமான பட்டியல் உண்டு. வரவேற்பு மேஜைப் பெண் வேறு கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மோஹிரா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

மோஹிரா சம்சாவைக் கீழே வைத்தாள். எழுந்து, அவன் தலைக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாக ஊதினாள்.

ஈ பறந்தது. எல்யோர் அசையாமல் இருந்தான்.

"இன்னும் இருக்கா?" என்றான்.

"இருக்கு" என்றாள் மோஹிரா, இன்னொரு தடவை ஊதினாள்.